ஷாப்லி: முதல் பாட்டிலிலிருந்து மலைச்சரிவு வரை

பிரெஞ்சு ஒயின் கடைக்குள் முதல் முறை நுழைகிறவர்களுக்குத் திகைப்பாகத்தான் இருக்கும். சுவர் நிறையப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு ஊரின் பெயர், ஆனால் எந்தத் திராட்சை என்ற விவரம் பெரும்பாலானவற்றில் இருக்காது. எங்கிருந்து தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் ஷாப்லி என்றுதான் சொல்வேன். அங்கே வெள்ளை ஒயின் மட்டும்தான். ஒரே ஒரு திராட்சை வகை. நடுவில் ஒரு சின்ன ஊர், சுற்றிலும் குன்றுகளும் சில கிராமங்களும். திராட்சை மாறாமல் நிலம் மட்டும் மாறுவதால், நிலம் மாறினால் சுவை எப்படி மாறும் என்பதை நாக்காலேயே கற்றுக்கொள்ள முடிகிறது. இதைவிடத் தெளிவான பாடம் பிரான்சில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

மது அருந்தும் வழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஆர்வம் இருந்து, வழி தெரியாமல் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பெயரும் இடமும்

பிரெஞ்சு எழுத்தில் கடைசியில் ஒரு 'எஸ்' இருக்கும். அதை உச்சரிப்பதில்லை. ஷாப்லி, அவ்வளவுதான். இது திராட்சையின் பெயர் அல்ல, ஊரின் பெயர். திராட்சை ஷார்தொனே. உலகமெங்கும் விளையும் அதே ஷார்தொனேதான். உள்ளூரில் அதற்கு 'போனுவா' என்றொரு பழைய பெயரும் உண்டு. போன் நகரத்துப் பக்கத்திலிருந்து வந்தது என்று பொருள்.

பாரிசிலிருந்து தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டரில், யோன் மாவட்டத்தில், செரேன் என்ற சிற்றாற்றின் கரையில் இந்த ஊர் இருக்கிறது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு 'அமைதியான' என்று பொருள்; ஆறும் அப்படித்தான் ஓடுகிறது. ஒயின் கணக்கில் ஷாப்லி பர்கண்டி என்ற ஒயின் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் பர்கண்டியின் மையமான போன் நகரம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே கிடக்கிறது. ஷாம்பெய்ன் பகுதியின் தென்கோடித் தோட்டங்கள் அதைவிடப் பக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒயினின் குளிர்ச்சிக்கும் புளிப்புக்கும் பாதிக் காரணம் இந்த வடக்கத்தி இருப்பிடம்தான்.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக மலிவான, சற்றே இனிப்பான வெள்ளை ஒயின்களுக்கெல்லாம் 'ஷாப்லி' என்று பெயர் வைத்து விற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2006இல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிதாக யாரும் அப்படிப் பெயர் வைக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே இருந்த சில பிராண்டுகள் தொடர்கின்றன. அதைக் குடித்துவிட்டு 'ஷாப்லி எனக்குப் பிடிக்காது' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குடித்தது இந்த ஊரின் ஒயினே அல்ல. பாட்டிலில் பிரான்ஸ் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காலடி மண்

லேபிளைப் படிப்பதற்கு முன் மண்ணைத் தெரிந்துகொண்டால் நல்லது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்பும் களிமண்ணும் இன்று குன்றுச் சரிவுகளாக நிற்கின்றன. அதற்குள்ளே நகத்தளவுச் சிப்பிகள், காற்புள்ளிபோல வளைந்தவை, கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடக்கும். எக்ஸோஜைரா விர்குலா என்று பெயர். இந்த மண்ணடுக்குக்குக் கிம்மெரிட்ஜியன் என்று பெயர்; இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இதே அடுக்கு வெளியே தெரியும் கிம்மெரிட்ஜ் என்ற கிராமத்தின் பெயரால் வந்தது. குன்றுகளின் உச்சியில் இன்னும் கெட்டியான, வயதில் இளைய சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அது போர்ட்லாண்டியன்.

நல்ல ஷாப்லியில் ஒரு சிப்பி ஓட்டு வாசம், லேசான உப்புத்தன்மை தெரியும். அதனால் கொடியின் வேர் அந்தப் பழைய சிப்பிகளை உறிஞ்சித்தான் சுவை வருகிறது என்று பலர் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது உண்மை அல்ல. கல்லின் சுவை வேர் வழியாகப் பழத்துக்கு ஏறுவதில்லை. இந்த மண் மழைநீரை ஓரளவு தேக்கி மெதுவாகக் கொடுக்கிறது, மிச்சத்தை வடியவிடுகிறது. குளிர்ந்த வானிலையில் பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பு குறையாமல் நிற்கிறது. புளிப்பு அதிகம், பழவாசம் குறைவு, மர வாசம் இல்லை என்ற நிலையில் நம் நாக்கு அதைக் 'கல்' என்று உணர்கிறது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். காரணம் எதுவானாலும் அந்தச் சுவை பொய் இல்லை.

இந்த மண்ணை வைத்து ஊருக்குள் பெரிய சண்டையே நடந்தது. கிம்மெரிட்ஜியன் மண்ணில் விளைவதை மட்டுமே ஷாப்லி என்று அழைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. சரிவின் திசையும் வெயிலும்தான் முக்கியம், எல்லையை விரிக்கலாம் என்று இன்னொரு தரப்பு. 1970களில் விரிவாக்கத் தரப்பு வென்றது. அதனால்தான் இன்று கடையில் கிடைக்கும் எல்லா ஷாப்லியும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. தயாரிப்பாளர் யார் என்று பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

லேபிளைப் படிப்பது

நான்கு படிகள் உண்டு. கீழிருந்து மேலே: பெத்தி ஷாப்லி, ஷாப்லி, ஷாப்லி ப்ரெமியே க்ரு, ஷாப்லி க்ரான் க்ரு. க்ரு என்றால் தரம் பிரித்துப் பெயர் கொடுத்த தோட்டம்.

பெத்தி ஷாப்லி பெரும்பாலும் குன்றின் உச்சிப் பகுதியில், அந்தப் போர்ட்லாண்டியன் மண்ணில் விளைகிறது. லேசானது, வாங்கிய ஓரிரண்டு வருடத்தில் குடித்துவிட வேண்டியது. ஷாப்லி என்று மட்டும் போட்டிருப்பதுதான் மொத்த விளைச்சலில் பெரும்பங்கு.

ப்ரெமியே க்ருவுக்கு வந்தால் லேபிளில் தோட்டத்தின் பெயரும் சேரும். இந்தப் பெயருள்ள துண்டு நிலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'க்ளிமா' என்பார்கள். நம் கிராமங்களில் கோயில் வயல், மேட்டுக் காடு என்று ஒவ்வொரு வயலுக்கும் பெயர் இருக்குமே, அதேதான். அங்கே அந்தப் பெயரைச் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். மொத்தம் 40 பெயர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஏனென்றால் பல சின்னத் துண்டுகள் பக்கத்திலிருக்கும் பெரிய துண்டின் பெயரிலேயே விற்கப்படுகின்றன. ஃபூர்ஷோம், மோந்தே து தொன்னேர், மோன் து மிலியூ, வயோன், மோன்மேன், கோத் து லேஷே: இந்த ஆறு பெயர்கள் போதும்.

க்ரான் க்ரு ஒரே ஒரு மலைச்சரிவு. ஊருக்கு எதிரே, ஆற்றின் வலது கரையில், தென்மேற்கு வெயிலைப் பார்த்தபடி நிற்கிறது. சுமார் 100 ஹெக்டேர்தான். அதில் ஏழு துண்டுகள்: பூக்ரோ, ப்ரூஸ், வோதெசீர், க்ரெனூய், வல்மூர், லே க்லோ, ப்லான்ஷோ. க்ரெனூய் என்றால் தவளைகள். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. லே க்லோ எல்லாவற்றிலும் பெரியது, என் கணக்கில் ஆழமானதும் அதுதான்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மிகச் சாதாரண ஷாப்லி பாட்டிலிலும் 'க்ரான் வேன் து பூர்கோஞ்' என்று, அதாவது பர்கண்டியின் பெரிய ஒயின் என்று, அச்சிட்டிருப்பார்கள். அது வெறும் அலங்காரம். 'க்ரு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல 'வியேய் வீஞ்', அதாவது முதிய கொடிகள், என்ற சொல்லுக்கும் சட்டத்தில் வயது வரையறை இல்லை. நேர்மையான தயாரிப்பாளர் போட்டால் அர்த்தமுண்டு, மற்றபடி நம்பிப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். 'மீ ஆன் பூத்தேய் ஓ தொமேன்' என்று இருந்தால் விளைவித்தவரே பாட்டிலில் அடைத்திருக்கிறார் என்று பொருள். அது நல்ல அறிகுறி.

முதல் பாட்டில்: சாதாரண ஷாப்லியே போதும்

பெத்தி ஷாப்லியும் வேண்டாம், க்ரான் க்ருவும் வேண்டாம். நடுவிலுள்ள ஷாப்லியிலிருந்து தொடங்குங்கள். பிரான்சில் 15 யூரோவிலிருந்து 25 யூரோவுக்குள் நல்லதாகவே கிடைக்கும். நான் ஆரம்பத்தில் ஒரு விசேஷத்துக்காக லே க்லோ வாங்கினேன். இரண்டே வயதான ஒயின். அதைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினேன். எலுமிச்சையும் ஐஸும் கலந்ததுபோல இருந்தது, வேறெதுவும் தெரியவில்லை. அதே ஒயினைப் பத்து வயதில், சரியான சூட்டில் குடித்தபோதுதான் என்ன இழந்தேன் என்று புரிந்தது.

யாருடையதை வாங்குவது? லா ஷாப்லிசியென் என்ற கூட்டுறவுச் சங்கம் 1923இல் விவசாயிகள் சேர்ந்து தொடங்கியது. இந்தப் பகுதியின் மொத்த ஒயினில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்களுடையது. தரம் நம்பகமானது, பல நாடுகளில் கிடைக்கும். வில்லியம் ஃபேவ்ர், ழான்-மார்க் ப்ரோகார் ஆகியவையும் எளிதில் கிடைப்பவை. ரவெனோ, வென்சான் தோவிசா என்ற இரண்டு பெயர்களும் இந்த ஊரின் உச்சம். ஆனால் விலை எக்கச்சக்கம், கிடைப்பதும் அரிது. இப்போதைக்குப் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

பரிமாறுவது

எளிய விஷயம், ஆனால் பலர் கெடுப்பது இங்கேதான். குளிர்சாதனப் பெட்டியின் குளிர் 4, 5 டிகிரி. அந்தக் குளிரில் எந்த ஒயினும் வாயைத் திறக்காது. பெத்தி ஷாப்லியை 8 டிகிரியில், ஷாப்லியை 10, 11 டிகிரியில், க்ரு வகைகளை 12லிருந்து 14க்குள் குடிக்கலாம். வெப்பமானி தேவையில்லை. ஷாப்லியாக இருந்தால் இருபது நிமிடம் முன்னால், க்ருவாக இருந்தால் நாற்பது நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் சரியாக வரும். வெயில் காலத்தில் அதில் பாதி நேரம் போதும்.

வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் நல்லது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்றினால்தான் வாசம் எழும். கார்க்கின் அடியிலோ பாட்டிலின் அடியிலோ கற்கண்டுத் தூள்போல எதுவும் மின்னினால் பயப்பட வேண்டாம். திராட்சையின் டார்ட்டாரிக் அமிலம் குளிரில் உறைந்தது, தீங்கு இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் மட்டும் கார்க் கெட்டிருக்கிறது என்று பொருள். கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம், அதில் கூச்சம் தேவையில்லை.

முதல் வாய்

நிறம் வெளிறிய மஞ்சள், அதில் ஒரு பச்சை ஓட்டம். மூக்கில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், சில நேரம் வெள்ளைப் பூக்கள். அப்புறம் முதல் மழைத்துளி விழுந்த கல் தரையின் வாசம். சிலவற்றில் சிக்கிமுக்கிக் கல்லை உரசியதுபோல ஒரு புகை.

வாயில் வைத்தவுடன் விழுங்காமல் இரண்டு மூன்று நொடி வைத்திருங்கள். இனிப்பு இருக்காது. 'ட்ரை' என்று சொல்வதன் பொருள் அதுதான்: திராட்சையின் சர்க்கரை அனேகமாக முழுவதும் நொதித்து ஆல்கஹாலாக மாறிவிட்டது. 12லிருந்து 13 சதவீதத்துக்குள் இருக்கும். பிறகு நாக்கின் இரண்டு ஓரங்களிலும் எச்சில் ஊறும். அந்த ஊறல்தான் அமிலத்தின் அளவுகோல். நெல்லிக்காய் கடித்த பிறகு தண்ணீர் குடித்தால் வருமே, அதுபோல ஒரு சுத்தமான உணர்வு விழுங்கிய பிறகும் நிற்கும். எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண ஷாப்லியில் ஐந்தாறு நொடி, நல்ல க்ருவில் அதைப்போல மூன்று மடங்கு. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த நீளத்துக்காகத்தான்.

இவ்வளவு புளிப்புள்ள ஒயின் பல்லைக் கூசவைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஆல்கஹால் நொதித்தலுக்குப் பிறகு பாக்டீரியாக்கள் இரண்டாவதாக ஒரு வேலை செய்கின்றன: பச்சை ஆப்பிளில் இருக்கும் கூரான மேலிக் அமிலத்தை, பாலில் இருக்கும் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. ஷாப்லியில் இதைப் பெரும்பாலும் முழுமையாக நடக்கவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் இந்த அளவு புளிப்பு மிச்சம் இருக்கிறது என்பது அந்த ஊரின் குளிருக்குச் சாட்சி.

எதோடு சாப்பிடுவது

சமைக்காத பச்சைச் சிப்பி. ஒரு துளி எலுமிச்சைச் சாறு, ஒரு சிப்பி, ஒரு வாய் ஷாப்லி. சிப்பியின் உப்பு ஒயினின் புளிப்பைத் தணிக்கிறது, ஒயின் சிப்பியின் வழவழப்பைத் துடைக்கிறது. சிப்பி பிடிக்காதவர்கள் இறால், வேகவைத்த நண்டு, வெண்ணெயில் வாட்டிய மீன் என்று போகலாம்.

உள்ளூர்க்காரர்கள் குழெர் என்ற சீஸ் உருண்டைகளோடு குடிப்பார்கள். மாவும் முட்டையும் சீஸும் சேர்த்து அடுப்பில் உப்பவைத்தது, வீட்டில் செய்வதும் எளிது. ஷாவூர்ஸ், சூமேந்த்ரேன் ஆகிய பக்கத்து ஊர்ச் சீஸ்களும் பொருந்தும். பூண்டு வெண்ணெயில் நத்தை, ஷாப்லி ஊற்றிச் சமைத்த ஹாம், அந்தூயெத் என்ற குடல் சாசேஜ் எல்லாம் அந்த ஊர் உணவகங்களில் வழக்கமாகக் கிடைப்பவை. அந்தூயெத்தின் வாசம் எல்லோருக்கும் ஒத்துவராது, முதலில் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காரத்தோடு மட்டும் கவனம் தேவை. மிளகாய் ஏறிய குழம்போடு குடித்தால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு வாய் எரியும். தேங்காய்ப்பால் சேர்த்த, காரம் குறைந்த மீன் சொதியோடு நன்றாக இருக்கிறது. வீட்டில் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆறு பாட்டில்கள்

இங்கிருந்துதான் பாடம் சூடுபிடிக்கிறது. ஒன்றை மட்டும் குடித்தால் எதுவும் தெரியாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தால் செலவும் பகிர்ந்துபோகும்.

முதல் ஜோடி: ஒரே தயாரிப்பாளர், ஒரே வருடம், ஒரு பெத்தி ஷாப்லி, ஒரு ஷாப்லி. உச்சி மண்ணுக்கும் சரிவு மண்ணுக்கும் உள்ள இடைவெளி தெரியும்.

இரண்டாவது ஜோடி இன்னும் சுவாரசியம். ஆற்றின் இரண்டு கரைகள். இடது கரையில் வயோன், மோன்மேன் போன்றவை தென்கிழக்கைப் பார்த்தவை. காலை வெயில் வாங்குபவை. ஒயின் மெலிந்து, நேராக, எலுமிச்சைப் பக்கம் நிற்கும். வலது கரையின் ஃபூர்ஷோம், மோந்தே து தொன்னேர் போன்றவை மேற்கு நோக்கிச் சாய்ந்து பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்குகின்றன. அவற்றில் சதை அதிகம், பழம் அதிகம். மோந்தே து தொன்னேர், க்ரான் க்ரு சரிவுக்கு அடுத்த மடிப்பிலேயே இருக்கிறது. கொடுக்கிற பணத்துக்கு இந்த ஊரில் கிடைக்கும் மிகச் சிறந்த தோட்டம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது ஜோடி: எஃகுத் தொட்டியும் ஓக் பீப்பாயும். லூயி மிஷெல் மரத்தையே தொடாமல் எஃகுத் தொட்டியில் மட்டும் செய்கிறார்கள். ரவெனோவும் தோவிசாவும் பழைய பீப்பாய்களில் வைக்கிறார்கள். பழையவை என்பதால் மரவாசம் ஏறாது, ஒயின் மட்டும் காற்றோடு மெதுவாகப் பழகிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் 132 லிட்டர் கொள்ளும் ஃபெய்யேத் என்ற சின்னப் பீப்பாய்தான் இங்கே புழக்கத்தில் இருந்தது. எது உண்மையான ஷாப்லி என்று இரண்டு பக்கமும் வாதிடுவார்கள். இரண்டையும் குடித்துவிட்டு உங்கள் பக்கத்தை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். நான் எஃகில் தொடங்கிப் பழைய பீப்பாய்க்கு வந்து சேர்ந்தவன்.

வருடத்தைக் கவனிப்பது

வெப்பமான நாடுகளில் வருடத்துக்கு வருடம் பெரிய மாற்றம் இருக்காது. ஷாப்லியில் வருடம்தான் பாதி விஷயம். காரணம் உறைபனி.

ஏப்ரலில் கொடி துளிர்க்கும். அப்போது வானம் தெளிந்த ஓர் இரவில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கினால், பூஜ்ஜியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போதும், அந்த வருடத்து விளைச்சலே கருகிப்போகும். 1957இல் அனேகமாக எல்லாமே போனது. அதற்கு முன்பே ஊர் சோர்ந்துகிடந்தது. 12ஆம் நூற்றாண்டில் பொந்திஞ்யி மடத்துத் துறவிகள் வளர்த்தெடுத்த தோட்டங்கள் இவை. ஆற்றுவழிப் படகுகளில் பாரிசுக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போய்க்கொண்டிருந்தது ஒயின். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து தெற்கத்தி மலிவு ஒயினைப் பாரிசில் இறக்கியது. அடுத்து ஃபில்லொக்செரா பூச்சி வேரை அரித்தது. பிறகு இரண்டு உலகப் போர்கள். 1950களில் மிஞ்சியது சுமார் 500 ஹெக்டேர்தான். இன்று 5,500 ஹெக்டேரைத் தாண்டி நிற்கிறது என்றால், அந்த மீட்சியின் பெரும்பகுதி உறைபனியோடு போராடக் கற்றுக்கொண்டதால் வந்தது.

போராடும் விதத்தைக் கேளுங்கள். ஒன்று, வரிசைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் பாரஃபின் மெழுகு வாளிகளை வைத்து விடியும்வரை எரிப்பது. இரவில் பார்த்தால் மலைச்சரிவு முழுக்கக் கார்த்திகை தீபம் ஏற்றிவைத்ததுபோல இருக்கும். உள்ளே நிற்பவர்களுக்கு அது வருடச் சம்பளத்தைக் காப்பாற்றும் ராத்திரி. இன்னொன்று, துளிர்மேல் தண்ணீர் தெளிப்பது. குளிரில் தண்ணீரா என்று தோன்றும். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் பனிக்கட்டிக்குள் மூடிக்கிடக்கும் துளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும், அதற்குக் கீழே போகாது. ஆனால் தெளிப்பைத் தொடங்கினால் சூரியன் வந்து பனி உருகும்வரை ஒரு நிமிடமும் நிறுத்தக் கூடாது. நடுவில் பம்பு நின்றால் தெளிக்காமல் விட்டதைவிட மோசம்.

வாங்குபவர்களுக்கு இதில் என்ன? 2016இலும் 2021இலும் உறைபனி கடுமையாக அடித்தது, விளைச்சல் சரிந்தது, விலை ஏறியது. 2024இல் மே முதல் தேதியே ஆலங்கட்டி மழை பல தோட்டங்களைச் சிதைத்தது. 2018, 2020 வெயில் வருடங்கள். பழச்சுவை கூடியவை, புதியவர்களுக்கு எளிதில் பிடிக்கும். 2014 பழைய பாணி ஷாப்லியை விரும்புபவர்கள் தேடும் வருடம், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? ஷாப்லியை ஐந்து வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். ப்ரெமியே க்ரு ஐந்திலிருந்து பத்து. க்ரான் க்ருவுக்குப் பத்தும் அதற்கு மேலும் கொடுக்கலாம். தேன், காளான், வறுத்த கொட்டை வாசங்கள் அப்போதுதான் வரும். வெயில் படாத, சூடு ஏறி இறங்காத இடம் இல்லையென்றால் சேமிக்கவே வேண்டாம். திறந்த பாட்டில் கார்க்கை அடைத்துக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

ஒருமுறை போய்வருவது

பாரிசின் பெர்சி நிலையத்திலிருந்து ஒசேர் நகரத்துக்கு ரயில் உண்டு. ஒசேரிலிருந்து ஷாப்லி சுமார் 20 கிலோமீட்டர். சொந்தக் காரில் போனால் ஒருவர் குடிக்காமல் இருக்க வேண்டும். பிரான்சில் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை, புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. சுவைக்கும் கூடங்களில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல, தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனால் ஊர்ச் சந்தையையும் பார்க்கலாம். பொந்திஞ்யி மடத்தாரின் பழைய கட்டடத்தில் 2023இல் திறக்கப்பட்ட பர்கண்டி ஒயின் மையம் இருக்கிறது. மண் அடுக்குகளைப் பற்றித் தெரிந்துகொள்ள நல்ல இடம். லா ஷாப்லிசியென் போன்ற பெரிய இடங்களில் நேராக நுழையலாம். சிறிய தொமேன்களுக்கு, அதாவது தனியார் ஒயின் பண்ணைகளுக்கு, முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் விவசாயிகள், நாம் போகும் நேரத்தில் தோட்டத்தில் இருப்பார்கள். 'போன்ழூர்' சொல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். மூன்று நான்கு வகை ஊற்றித் தந்தால் ஒரு பாட்டிலாவது வாங்குவது முறை. அறுவடை நடக்கும் செப்டம்பரில் யாருக்கும் நேரம் இருக்காது. அக்டோபர் கடைசியில் ஒயின் திருவிழா நடக்கும். அப்போது போனால் பல தயாரிப்பாளர்களை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

கட்டாயம் செய்ய வேண்டியது க்ரான் க்ரு சரிவில் ஏறுவது. செரேன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தால் சீக்கிரமே லே க்லோவின் காலடிக்கு வந்துவிடலாம். பாதையை விட்டு வரிசைகளுக்குள் போக வேண்டாம், பழத்தைப் பறிக்கவே கூடாது. பாதையோரக் கற்களைக் குனிந்து பாருங்கள், வெளிறிய கல்லுக்குள் அந்தக் காற்புள்ளிச் சிப்பிகள் தெரியும். மேலே ஏறித் திரும்பினால் ஊரும் ஆறும் எதிர்க்கரையில் வயோன் சரிவும் ஒரே பார்வையில் அடங்கும். அந்த இரண்டாவது ஜோடியில் நாக்குக்குத் தெரிந்த வித்தியாசத்தை அங்கே நின்று கண்ணால் பார்க்கலாம்.

வாங்கிய பாட்டில்களைக் காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடாதீர்கள். ஒரு மணி நேரச் சூடே ஒயினை வாட்டிவிடும். நிழலில் நிறுத்துங்கள், முடிந்தால் வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காமல் ஒரு வாரம் படுக்கவைத்து விடுங்கள்.